வரிசை திரும்பிய நாள்கள்

போன் திருத்தும் கடையில் பொடியன் ஈயம் உருக்கினான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் கல்முனை பஸாரில் இல்லை. சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்ட எங்கள் பள்ளிவாசல் ஒழுங்கையில், ஈயம் உருக்கித் தகரம் ஒட்டும் பட்டாளத்தப்பாவின் கொட்டில் வாசலில் நின்றேன்.

வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர் அவர். அல்லாஹ் அவருடைய கபுறுக் குழியை வெளிச்சமாக்குவானாக. நோன்பு மாதத்தில் பின்னேர அசர் தொழுகை முடிந்ததும், ஓட்டை வாளியையும் ஒழுகும் கேத்தலையும் அப்படியே போட்டுவிட்டு, கரி அப்பிய கையோடு வந்து, பள்ளிவாசல் கஞ்சிக்கு முண்டியடிக்கும் எங்களை வரிசையில் நிறுத்துவார். கஞ்சிக் கிடாரத்தின் மூடி திறக்கும் நேரம் பார்த்து, பல நாள்களில், "அப்பிடியே திரும்பி நில்லுங்க புள்ளைகள்" என்பார். கடைசியில் நின்றவர் முதலாவது ஆகிவிடுவார். எந்த நாளில் திருப்புவார் என்று தெரியாததால் முண்டியடிப்பதே நின்றுபோனது.

"என்னத்துக்குப் பட்டாளத்தப்பா திருப்புறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பட்டாளத்துல நான் கடைசில நிண்டவன் மகள். சட்டியச் சொரண்டுற சத்தம் இன்னும் காதுல கேக்குது."

வாப்பா மௌத்தான பிறகு, உம்மா பாய் இழைத்துக்கொண்டிருக்க, தம்பியைத் தூங்கவைத்துவிட்டு ஓடும் நான் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்பேன். ஆனாலும் எங்கள் கஞ்சி வாளி ஒருநாளும் வெறுமையாக வீடு வரவில்லை. அது என் அதிர்ஷ்டம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இன்று அந்தப் புகையில் நின்று ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். நான் முந்திப் போன நாள்களில் அவர் வரிசையைத் திருப்பியதே இல்லை.