வேட்டியில் தெரிந்த கண்புரை

எனக்கு நோய் வந்தது கண்ணில். ஆனால் அது முதலில் தெரிந்தது வேட்டியில். துவைத்து மடித்து வைத்த வேட்டி பழுப்பாக இருந்தது. சட்டையும் அப்படியே. துவைப்பவள் என் மனைவி ருக்மணி. ஆகவே குற்றவாளியைத் தேட எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் பழுப்பேறுவது) வந்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்வை ஒரே நாளில் மங்குவதில்லை. அதனால் நம் கண் மேல் நமக்குச் சந்தேகம் வராது. வீட்டில் இருப்பவர்கள் மேல்தான் வரும்.

நான் மைசூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒளியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

துணி வெளுப்பாகத் தெரியப் போடும் நீலம் போதவில்லை என்று ருக்மணியிடம் சொன்னேன். கூடுதலாகப் போட்டாள். இன்னும் போடு என்றேன்.

"இதுக்கு மேல போட்டா ஆகாசம் ஆயிடுமுங்க" என்றாள்.

அவள் கொள்ளேகாலில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவள். அவளுக்கு நிறமே தெரிவதில்லை என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னேன். அவர்கள் என் வேட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். நியாயம் என் பக்கம் இருப்பதால் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் இருக்கும் அறையில் ருக்மணி உட்காருவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், போய்விடுவாள்.

அவளுக்குத்தான் கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் சோதித்துவிட்டு, அம்மாவுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னையும் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும் என்று நான் அவருக்கே விளக்கிவிட்டு எழுந்து வந்தேன். உண்மையில் எனக்குப் பயம். அவர் சொன்னதையும் என் வேட்டியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கும். ஒளியைப் பற்றியும் பார்வைக் குறைபாட்டைப் பற்றியும் கையால் செய்து பார்த்துக் கற்பார்கள். நடத்துபவர் சுமா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நிறங்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகளுக்காகச் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு ருக்மணியும் வந்தாள்.

சுமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், அவர் எப்படி இருக்கிறார் என்று பிள்ளைகள் அவருக்குச் சொல்ல வேண்டும். அன்று பாதிப் பிள்ளைகள் கண்புரைக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மஞ்சள் செலோபேன் தாள் ஒட்டி, லேசாக வாசலின் தடவிய அட்டைக் கண்ணாடி அது.

ஒல்லி என்றார்கள். மீசை இருக்கிறது என்றார்கள். கோபமாக இருக்கிறார் என்றார்கள். சட்டையும் வேட்டியும் நீலம் என்றார்கள்.

"வெள்ளை" என்று திருத்தினேன்.

"இல்ல மேஷ்ட்ரே, நீலம்" என்றாள் முன்னால் இருந்த சிறுமி. இங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கண்ணாடி போட்டிருந்தவர்கள் வெள்ளைதான் என்று என் பக்கம் சேர்ந்தார்கள். சண்டை மூண்டது. கண்ணாடிகளைப் பிடுங்கி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். உடனே கட்சியும் மாறியது.

சுமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டா வெள்ளை, கழட்டினா நீலம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க எந்தக் கட்சி சார்?" என்றார்.

முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். நான் அட்டைக் கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை.

மஞ்சள் வடிகட்டி நீல ஒளியை விழுங்கிவிடும். எத்தனையோ வகுப்புகளில் இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ருக்மணி சுண்டல் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார்கள். புரையை எடுத்துவிட்டு உள்விழி வில்லை (கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை) வைத்தார்கள். கட்டைப் பிரித்ததும் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நிறைய நீலம். அந்த உடுப்பில் நான் மார்க்கெட்டுக்கும் கல்யாணங்களுக்கும் போய் வந்திருக்கிறேன்.

சமையலறைக்குப் போய், தப்பு என் கண்ணில் இருந்தது, உன்னிடம் இல்லை என்றேன். சம்பந்தி வீட்டுக்கும் போன் செய்து அதையே சொல்லிவிட்டேன் என்றேன்.

"கண்ணுல பொரை எல்லாருக்கும் வருதுங்க" என்றாள். "வாயில வந்ததுக்கு எந்த டாக்டரு?"



இடது கண்ணுக்கு இன்னும் ஆகவில்லை. அதனால் இப்போது என்னிடம் இரண்டு காலங்கள் இருக்கின்றன. இடது கண்ணை மூடினால் இன்றைய ருக்மணி. தலை முழுக்க வெண்மை, வாயோரம் நான் பார்த்தே இராத கோடுகள். வலது கண்ணை மூடினால், மாலை வெயிலில் நிற்பவள் போல மங்கலாக, பொன்னிறமாக, சில வருடங்களுக்கு முந்தையவள். நடுவில் இருந்த வருடங்களில் நான் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கண்களை மாற்றி மாற்றி மூடி அவளைப் பார்த்தேன்.

"அந்தக் கண்ணையும் சீக்கிரமாப் பண்ணிக்குங்க" என்றாள். "கண்ணடிக்கறீங்கன்னு நெனைச்சுக்குவாங்க."

சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.