ரெண்டு போல்ட்டும் ஒரு காலி சீட்டும்

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக முளைத்திருக்கும் ஓர் அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். நண்பர் வீடு நாலாவது மாடி. லிஃப்ட்டை அப்போதுதான் ரிப்பேர் செய்து முடித்திருந்தார் மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் பக்கா சார், ஏறுங்க" என்றார்.

"நீங்க முதல்ல ஏறுங்க" என்றேன்.

ஒரு நொடி யோசித்தார். "என்னை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு சார்" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

என்னை எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நானும் படியில்தான் போனேன்.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததல்ல. பென்னலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஏகாம்பரம் புண்ணியத்தில் வந்தது. ஏகாம்பரம் லாரிகளுக்கு போல்ட் செய்து கம்பெனிகளுக்கு சப்ளை செய்பவர். நாலு மெஷின், ஆறு ஆட்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கு போன்.

"சார், உடனே வா. ஒரு ஆளு வந்துகீறாரு. யாருன்னே புரியல. நீதான் ஆளைப் பாத்தே எடை போடுவியே..."

அப்படி ஒரு பெயர் எனக்கு. நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்து யாரோ கிளப்பிவிட்டது. நானும் அதை மறுத்ததில்லை.

போனேன். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும். தேய்த்து மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. மடியில் ஒரு கித்தான் பை. டீ வந்தது, வேண்டாம் என்றார். ஃபேன் போட்டார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரும்பின் மேல்.

ஏகாம்பரம் என்னை வெளியே இழுத்து வந்து குசுகுசுத்தார். "பேரு தேவசகாயமாம். தாம்பரமாம். ரெண்டே ரெண்டு போல்ட் வேணுமாம். ஸ்டீல் அவுரே கொணாந்துட்டாரு. வெட்டுன துண்டு, சீவுன தூள், அல்லாத்தையும் வாரிப் பைல போட்டுக்கினாரு சார்! நான் இன்னா, பழைய இரும்புத் திருடனா?"

"எதுக்காம் போல்ட்?"

"ஏரோப்ளேனுக்காம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏரோப்ளேனுக்கு போல்ட் வேண்டுமென்றால் பென்னலூருக்கா வருவார்கள்? அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே லாட்ஜ்காரர்கள் ரெண்டு தடவை முகத்தைப் பார்த்த காலம் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் புது ஆள், ஒரு பை, ஒரு ரகசியம் என்றால் எங்களுக்கு உடனே சந்தேகம்தான். துப்பாக்கி பார்ட்டாக இருக்குமோ?

உள்ளே போய் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். சுருக்கமாகத்தான் பதில் வந்தது. விமானப் படையில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவர். ரிட்டயர் ஆன பிறகு பெங்களூரில் பழைய விமானப் பைத்தியங்கள் சிலரோடு சேர்ந்திருக்கிறார். அவர்களிடம் ஒரு பழைய ராணுவப் பயிற்சி விமானம். மூக்கில் விசிறி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அடுத்த மாதம் பெங்களூர் பக்கம் விமானக் காட்சி. அதில் அதைப் பறக்கவிட வேண்டும். சக்கரத்தின் காலை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகள் தேய்ந்துவிட்டன. செய்த கம்பெனி இன்று உலகத்திலேயே இல்லை.

"பெரிய கம்பெனிங்கள்ல கேக்கலையா?"

"ஒரகடம் வரைக்கும் கேட்டாச்சு. ரெண்டு பீஸ்னா வாட்ச்மேனே திருப்பி அனுப்பிடறார் சார்."

"இந்த போல்ட் உடைஞ்சா?"

"இறங்கும்போது ஒத்தைக் கால்ல இறங்கும்" என்றார். டீ ஆறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். விமானத்தின் இறக்கை மேல் கை வைத்து நிற்கிறார். இதெல்லாம் ஒரு சாட்சியா? பொருட்காட்சியில் அட்டை விமானத்துக்குள் தலையை நீட்டி நானே போட்டோ எடுத்திருக்கிறேன்!

"ஆள் சரியில்லை. கண்ணு வெச்சிக்கோ" என்று ஏகாம்பரத்திடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் போல்ட் ரெடி. அதை அளந்தது பேச்சியம்மா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். "மைக்ரோமீட்டருக்கு மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது" என்பது அவள் வசனம். மைக்ரோமீட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு, "அரை முடி கம்மிண்ணே" என்றாள்.

ரிஜக்ட் பீஸுக்கு அவள் அடையாளம் வைக்கிற விதமே தனி. மார்க்கர் பேனா காய்ந்துபோகிறது என்று தன் நகப் பாலிஷைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். போல்ட்டின் எண்ணெய் ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு. ஓட்டைக்குள் வைத்தால் அழியாதாம்.

தேவசகாயம், "இதை என் கண் முன்னாலே ரெண்டா வெட்டுங்க" என்றார்.

பட்டறையே திகைத்தது. ஒரு நாள் வேலையை வெட்டுவதா? எங்கள் பக்கம் ரிஜக்ட் என்பது சாவு இல்லை, காய்ச்சல் மாதிரி. மருந்து கொடுத்தால் எழுந்துவிடும். ப்ளேட்டிங் தொட்டியில் முக்கினால் உலோகப் பூச்சு ஏறும், அளவு கூடும். மறுபடி அரைத்துச் சரிபார்த்தால் ஓகே. லாரிக்கு அப்படித்தான் போகிறது, லாரியும் ஓடுகிறது.

"வெட்டலைன்னா அது எங்கேயாவது சுத்திக்கிட்டே இருக்கும் சார். என்னைக்காவது ஒரு நாள் ஒரு விமானத்துல போய் ஏறிடும்" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு பெங்களூருக்குப் பேச எஸ்டிடி பூத்துக்குப் போனார். பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஏகாம்பரம் பழைய லாரி போல்ட் ஒன்றை ரெண்டாக வெட்டி வைத்துவிட்டார். ரிஜக்ட் ஆன அசல் போல்ட் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "எதுக்காவது ஆவும்" என்ற எண்ணம்தான். கடைக்காரர் கட்டிக் கொடுத்த சணலைக்கூட சுருட்டி வைக்கிற மனுஷன்!

திரும்பி வந்த பெரியவர் அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை தூக்கிப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டார். சாயந்திரத்துக்குள் ரெண்டாவது போல்ட் அச்சாக வந்தது. மூன்றாவதை அரைப்பது மட்டும் பாக்கி. மறுநாள் சர்ச்சுக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது போல்ட் அரைபடும்போது கரண்ட் போனது. சுற்றிக்கொண்டிருந்த அரைக்கும் கல் போல்ட்டை இழுத்துவிட்டது. போல்ட்டில் பள்ளம்.

மூன்றில் ரெண்டு ரிஜக்ட் என்று சொல்ல ஏகாம்பரத்துக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. டிராயரைத் திறந்தார். வடக்குப்பட்டில் ப்ளேட்டிங் போடுகிற ஆள் அவருக்குப் பழக்கம். திங்கள் மாலை அதே முதல் போல்ட் பளபளவென்று திரும்பி வந்தது. அளவு? அப்பழுக்கில்லாத அளவு.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. செவ்வாய்க்கிழமை நான் போனபோது மரப்பெட்டியில் ரெண்டு போல்ட்டுகள் துணி விரித்துப் படுத்திருந்தன. குனிந்து பார்த்தேன். ஒன்றின் ஓட்டைக்குள் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பாக என்னவோ தெரிந்தது. 'ஆஹா, பெரியவர் ஏதோ ரகசிய அடையாளம் வைத்திருக்கிறார்' என்று நினைத்தேன். பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'இந்தப் பெண்ணை மிரட்டி வைத்திருக்கிறார் போல' என்றும் நினைத்தேன்.

பாருங்கள் என் லட்சணத்தை! சந்தேகம் என்று வந்துவிட்டால் அது ஏன் எப்போதும் வெளியூர்க்காரன் மடியிலேயே போய் உட்கார்கிறது? கூட டீ குடிக்கிறவன் பக்கம் அது திரும்புவதே இல்லை.

தேவசகாயம் அளந்தார். குறித்துக்கொண்டார். பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

"எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. புது பார்ட் போட்ட விமானம் முதல் தடவை மேலே போகும்போது, வேலை செஞ்சவன் பின்னாடி சீட்டுல உட்காரணும். எப்பவும் நான்தான். இந்தத் தடவை செஞ்சது நீங்க. வர்றீங்களா?"

ஏகாம்பரத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"நானா? எனக்கு... பிபி கீது சார்."

"பத்து நிமிஷம்தான்."

"வூட்ல வுட மாட்டாங்க சார். ஜாதகத்துல வேற ஏதோ..."

"சரி, பரவாயில்லை. நானே உட்கார்ந்துக்கறேன்" என்றார் பெரியவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

 பேச்சிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "எண்ணே, சொல்லிருங்க. அவிய போயிட்டா பொறவு சொல்ல முடியாது."

"சார்!" என்று ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் மெஷின்களே நின்றுவிடும் போலிருந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "அத்த எட்த்துனு போவாத சார். அதுல ஒண்ணு... அந்த மொத போல்ட்டு சார். நான் வெட்டவே இல்ல. தொட்டில போட்டு ஏத்திட்டேன்."

 பெரியவர் கோபிக்கவில்லை. ப்ளேட்டிங் தொட்டிக்குப் போய்வந்த இந்த வகை ஸ்டீலுக்கு உள்ளுக்குள்ளே நொறுங்கும் குணம் வந்துவிடும் என்றார். அளவு சரியாக இருக்கும், மினுக்கும். ஒரு நாள் பட்டென்று போகும். பிறகு கித்தான் பையின் அடியிலிருந்து இன்னொரு ஸ்டீல் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கேன். மறுபடி செய்யுங்க."

"என் மேல அவ்ளோ அவநம்பிக்கையா சார்?"

"எனக்கு என் மேலயே கிடையாது."

பழைய போல்ட்டை ஏகாம்பரமே வெட்டினார். சிவப்புப் பொட்டு ஒரு பாதியில் மாட்டிக்கொண்டது. புதுசு வர ரெண்டு நாள் ஆயிற்று. அதைப் பேச்சி மூன்று தடவை அளந்தாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டு அளந்தாள். ஏகாம்பரம் தானாகவே போய் பெரியவர் முன்னால் நின்றார். "இப்ப வர்றேன் சார். அந்த சீட்ல உக்கார்றேன்."

"வெளி ஆளை எல்லாம் ஏத்த ரூல் இல்லைங்க" என்றார் தேவசகாயம், பெட்டியைக் கட்டிக்கொண்டே.

அப்படியானால் முதலில் கூப்பிட்டது? எனக்கு மறுபடி சந்தேகம் தட்டியது.

காட்சிக்கு நாங்கள் ரெண்டு பேரும் பெங்களூர் போனோம். வெயிலில் ஜனக்கூட்டம். மஞ்சள் நிறத்தில் அந்தக் குட்டி விமானம் கடமுடவென்று கிளம்பியது. பின்னாடி சீட்டில் தேவசகாயம். தலைக்கு மேல் தாழ்வாக வந்தது, புரண்டது, செங்குத்தாக ஏறியது. ஜனம் கைதட்டியது. ஏகாம்பரம் கைதட்டவில்லை. பல்டியைப் பார்க்கவே இல்லை. கீழே தொங்கிய சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு தரம் எம்பியது. ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வாட்ச் ஸ்ட்ராப் அறுந்தது. மறுபடி தொட்டது. ரெண்டு காலில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தேவசகாயம் எங்களைத் தேடி வந்தார். ஏகாம்பரத்தின் கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரித்தால்... ரெண்டாக வெட்டிய அந்த லாரி போல்ட்.

"உங்க பொருள். எடையே வேற. கையில வாங்கின அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சார் அப்பவே கேக்கல?" என்றார் ஏகாம்பரம். 

"போல்ட்டை அளக்கக் கருவி இருக்கு. செஞ்சவரை அளக்க எனக்கு வேற வழி தெரியல. நீங்க மட்டும் பேசாம இருந்திருந்தா, அந்தப் பெட்டியை வழியில ஏதாவது கிணத்துல போட்டிருப்பேன்."

முழு ஆளையும் எடை போடுகிறவன் நான் என்று சொன்னேன் இல்லையா? அவர் ஒரு போல்ட்டைத்தான் எடை போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏகாம்பரம் உட்காரவில்லை. நேராக டிரைவரிடம் போனார். "அண்ணாத்த, பிரேக்கு யாரு பாத்தது?"

"நான்தான். ஏன்?"

"வண்டிய ஓட்றதும் நீதானே... அப்ப சரி." வந்து உட்கார்ந்தார். ஓசூர் வருவதற்குள் குறட்டை.

இதுவரை நான் எடை போட்ட ஆட்களை எண்ணிக்கொண்டு, நான் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் வரை தூங்கவில்லை.