அதிகாரி வீட்டுக் கதவைத் திறந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குப்பங்களுக்குள் வலை போடுகிற இடத்துக்காகத் தகராறு வந்தது. என் வீட்டுக்காரரையும் போலீஸ் பிடித்துப் போனது. விசாரணையே தொடங்கவில்லை, ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். சிறை இருந்தது, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போகிற ஓர் ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒரு வாரம் மனுப் போட்டும் பார்க்க விடவில்லை. சும்மா திரும்புவானேன் என்று மீன்கூடையோடு போய், சிறைக்குப் பின்தெருவில் விற்றுவிட்டு வருவேன்.

அன்று ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். கதவைத் திறந்தது என் புருஷன். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. பின்னால் துணி மலையாகக் கிடந்தது.

"இன்னாய்யா, இங்க இன்னா பண்ற?"

"சத்தம் போடாத. ஜெயில் அதிகாரி வூடு. தெனம் நாலு பேர இட்டாறாங்க. மாட்டேன்னா அடிதான். நீ போயிடு."

கதவு மூடிக்கொண்டது. துணி துவைப்பது அவருக்குக் கேவலமில்லை. எனக்குப் பிரசவமானபோது எல்லாம் அவர்தான் துவைத்தார். ஆனால் இது அடிக்குப் பயந்து துவைப்பது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காவலை நீட்டிக்கக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்த நாளில் நானும் போய் உட்கார்ந்தேன். நீதிபதி கையெழுத்துப் போடப் போனார். என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"ஐயா! இவரு தப்பு பண்ணாருன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள அதிகாரி வூட்ல துணி தொவைக்க வக்கிறாங்க. என் கண்ணால பாத்தேன்."

போலீஸ்காரர் என்னை உட்காரச் சொன்னார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு என் புருஷனைப் பார்த்தார். "இந்தம்மா சொல்றது உண்மையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேசாமல் இருந்துவிட்டால் நான் பொய்க்காரியாகிவிடுவேன். மெல்ல இரண்டு கைகளையும் நீட்டினார். சோப்புக் காரத்தில் வெந்து வெடித்த விரல்கள்.

"உண்மைதாங்க."

வரிசையில் நின்ற இன்னும் மூன்று பேர் கேட்காமலே கையை நீட்டினார்கள்.

"தீர்ப்பே வராத ஆள்கிட்ட இப்படி வேலை வாங்க யாருக்கும் அதிகாரம் கிடையாது" என்று சொல்லி, நீதிபதி அங்கேயே உத்தரவு எழுதினார். மறுநாள் சிறைக்கே நேரில் போனாராம்.

அடுத்த முறை மனுப் போட்டதும் பார்க்க விட்டார்கள். "அடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லமே. இப்ப யாரையும் வெளிய இட்டுகினு போறதில்ல." கம்பிக்கு அந்தப்பக்கம் சிரித்தார். "கோர்ட்டுல பேசின அம்மா வூட்டுக்காரன்னுதான் உள்ள என்னைக் கூப்புடறாங்க."

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே போய் வருகிறாய் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது.