தாலாட்டு மெட்டில் ஒரு கேள்வி

அய்யம்பேட்டையில் உரக்கடை வைத்திருந்த மூஸா பேச்சுக்காரர். யூரியா வாங்க வந்தவனை உட்காரவைத்து ஊர்க்கதை முழுவதும் பேசி, கடைசியில் யூரியாவை மறந்து அனுப்பிவிடுவார். ஒருநாள் மனைவி ஹலீமாவிடம் சொல்லாமலே ஆறு பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். அன்று மதியமே கடையில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் அசையாமல் போயின. பேச்சும் போயிற்று.

தன் வாக்குப் பலித்துவிட்டது என்றே ஹலீமா நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். "ம்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நபிகள் பிறந்த ரபீயுல் அவ்வல் மாதத்தில் வீட்டில் அவர் புகழ் பாடும் மௌலூது ஓதினார்கள். கூடத்தில் ஆண்கள் பைத்துப் பாடல்களைச் சேர்ந்து பாட, அடுப்படியில் நெய்ச்சோறு கிளறிக்கொண்டிருந்த ஹலீமாவின் கை நின்றுவிட்டது. அத்தனை குரல்களுக்கு நடுவே மூஸாவின் குரல்! எட்டிப் பார்த்தாள். சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏங்க, என் பேரைச் சொல்லுங்க" என்றாள். "ம்" என்றார்.

அவ்வளவுதான். ஊரோடு பாடத் தெரிகிறது, என்னிடம் பேசத்தான் மனசில்லை, அன்று சொன்னதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். பேசமுடியாத மனிதரோடு இவளும் பேச்சை நிறுத்தினாள்! மகள் ஷமாதான் இருவரையும் தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி தரும் பூவிழியிடம் அழைத்துப் போனாள்.

"அவரு வேணும்னு செய்யலம்மா" என்றாள் பூவிழி. "பேச்சுக்கான எடம் அடிபட்டிருக்கு. பாட்டுக்கு மூளையோட மறுபக்கமும் கைகொடுக்கும். நீங்க கேக்குறத ராகமா கேட்டுப் பாருங்க. அவரோட எடது கையைத் தட்டிக்கிட்டே கேளுங்க."

"நான் பாடுறதா? நல்லா இருக்குறவங்களுக்கே வாயடைச்சுப் போயிடும்."

ஹலீமாவுக்குத் தெரிந்த மெட்டு ஒன்றுதான், ஷமாவைத் தூங்கவைத்த தாலாட்டு. அறுபது வயது ஆளுக்குத் தாலாட்டு மெட்டில் "டீ வேணுமா" என்று பாடுவதைக் கேட்டு ஷமா விழுந்து விழுந்து சிரித்தாள். மூஸாவுக்கும் வாய் கோணியபடி சிரிப்பு வந்தது. முதலில் முனகினார். பிறகு "டீ" என்றார். தன் பேரை அவர் இழுத்துப் பாடிய அன்று ஹலீமா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

அப்புறம் ஒரு காலையில், வழக்கம்போல வலது கையைப் பிடித்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். வழக்கம்போல அவர் கண் கலங்கியது. மனசு விட்டுப்போய் அழுகிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆறுதலாக, "என்ன கவலை உங்களுக்கு" என்று பாடினாள்.

அவர் அதே மெட்டில் இழுத்தார்: "கை... வலிக்குது."

ஹலீமா பிடித்திருந்த கையை மெதுவாகக் கீழே வைத்து, அதே மெட்டில் கேட்டாள்: "நான் தூக்குறப்பவா?"

"ஆமா... தெனம்."

எத்தனை மாதமாக இந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்! ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் மெட்டு போய்விடும். முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, அவர் இடது கையைத் தட்டி, "எந்த எடத்துல" என்று பாடினாள்.