ஐந்து குரல்களுக்குள் சுகந்தியைத் தேடிப் போன சனிக்கிழமை

போன சனிக்கிழமை நான் மத்திய லண்டனுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் மனைவி சுகந்தி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் பாடுவதைக் கேட்கத்தான். முன்பு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுவாள். தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. அன்று மைக்கை வைத்தவள் வீட்டில்கூடப் பாடவில்லை. வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்திதான் அவளைத் தன் தேவாலயப் பாடற்குழுவில், ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் வரிசையில், சேர்த்துவிட்டாள்.

"வாறதெண்டால் வாங்கோ. ஆனா என்ரை குரலைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது," என்றாள். ஓம் என்றேன். தேடுவதற்கென்றே போனேன்.

அவள் ஒத்திகைக்கு முன்பே போய்விட்டாள். நான் வீட்டுக்குப் பக்கத்துச் செவன் கிங்ஸ் நிலையத்தில் 1.40க்கு ரயில் ஏறினேன். எலிசபெத் லைனில் ஃபாரிங்டனுக்கு இருபத்தைந்து நிமிடம், ஏறக்குறைய மூன்றரைப் பவுண். அங்கிருந்து தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடை. நிகழ்ச்சி மூன்று மணிக்கு, அனுமதி இலவசம். கோட்டைக் கழற்றாதீர்கள், உள்ளே நல்ல குளிர்.

வாசலில் நிகழ்ச்சித் தாள் தந்த வெள்ளைக்காரப் பெரியவர், "நடுவில் உட்காருங்கள், எல்லாக் குரலும் சமமாக வரும்," என்றார். தலையாட்டிவிட்டு நேரே ஆல்டோக்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அன்று பாடியது நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய மொட்டெட், அதாவது இலத்தீன் பக்திப் பாடல். வாத்தியம் இல்லை. குரல் வரிசைகள் ஐந்து. ஒன்று ஒரு வரியைத் தொடங்குகிறது. அது முடியுமுன்பே அடுத்தது அதே வரியை வேறு உயரத்தில் எடுக்கிறது. முன்பாட்டு, பின்பாட்டு என்று யாருமில்லை. பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டேன். தாளம் தொடங்கும் சமத்துக்கு ஒருவரும் ஒன்றாக வந்து சேரவில்லை, கையை மடித்துக்கொண்டேன்.

ஆல்டோவில் நாலு பேர். சுகந்தியின் வாய் அசைந்தது, அவள் குரலை மட்டும் காணவில்லை. பயத்தில் பாடாமல் வாயசைக்கிறாளோ? அப்போது மூச்செடுக்க அவள் வாயசைவு ஒரு கணம் நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் தாங்கியதில் பாட்டு அறுபடவில்லை, ஆனால் கொஞ்சம் மெலிந்தது. அவள் திரும்பச் சேர்ந்ததும் நிறைந்தது. பாடிக்கொண்டுதான் இருக்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும், "என்ரை குரல் தனியாக் கேட்டதோ?" என்றாள். கோயிலில், "உம்மடை குரல்தான் எடுப்பா இருந்தது" என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அதுவே வந்தது. விழுங்கினேன்.

"இல்லை. பிடிக்கவே ஏலாமப் போச்சு."

"அப்ப சரியாத்தான் பாடியிருக்கிறன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்படியான நிகழ்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் இருபது நிமிடம் முந்திப் போய், அந்தப் பெரியவர் சொன்னபடி நடுவிலேயே உட்காருங்கள். தெரிந்தவர் பாடினால் அவர் குரலைத் தேடாதீர்கள். தனியாகக் கேட்க வேறு நேரம் வரும். எனக்குத் திரும்பும் ரயிலில் வந்தது. பெட்டியில் ஆட்கள் குறைவு. "என்ரை வரி எதெண்டு உங்களுக்குத் தெரியாதென்ன?" என்று கேட்டுவிட்டு மெல்லப் பாடிக் காட்டினாள். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டி ஓரிடத்தில் குரல் உடைந்தது. மூச்செடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாடினாள்.