வசந்தாமணி சொன்ன பொய்

அமெரிக்காவில், டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் எங்கள் குடியிருப்பில் வசந்தாமணியைத் தெரியாதவர்கள் இல்லை. ஈரோட்டுக்காரர், பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. ஐம்பத்தாறு வயதில் பேரிடர் தன்னார்வலர் பயிற்சிக்குப் போய்ப் பச்சை மேல்சட்டையோடு திரும்பினார். பிறகு வீடு வீடாக ஏறினார். தண்ணீர் பிடித்து வையுங்கள், டார்ச்சுக்கு பேட்டரி வாங்குங்கள் என்று சொல்லி, எச்சரிக்கைகள் அச்சடித்த ஒரு தாளையும் கொடுப்பார்.

"யுத்தமா வரப்போகுது ஆன்ட்டி?" என்று சிரிப்பார்கள்.

நாலாவது வீட்டுச் செழியன் சிரிக்கவில்லை. "மீட்டிங்ல இருக்கேன் ஆன்ட்டி, ஷீட்ட குடுத்துட்டுப் போங்க, படிச்சிக்கிறேன்" என்றான். கொடுத்துவிட்டு வந்தார்.

2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தது. திங்கள் விடியுமுன் கரண்ட் போயிற்று. மறுநாள் குழாயும் நின்றது. பனியை அள்ளி உருக்கிக் கழிப்பறையில் ஊற்றினோம். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியை உடைத்து எரித்தார்கள்.

புதன்கிழமை காலை வசந்தாமணி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். செழியன் வீட்டில் பதில் இல்லை. மூடிக் கிடந்த கராஜுக்குள் கார் எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கராஜ் கதவைக் கையாலேயே தூக்கினார்.

காருக்குள் செழியனின் அப்பா சேனாபதி, போர்வையைப் போர்த்தியபடி சாய்ந்திருந்தார். மகனைப் பார்க்க வந்தவர். கொரோனாவால் விமானம் இல்லாமல் ஒரு வருஷமாக இங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். வசந்தாமணி அவரை வெளியே இழுத்து, பனியில் கிடத்தி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். சாலையெல்லாம் பனிக்கட்டி. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தண்ணீர் கேன்களோடு திரும்பிய செழியன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"குளிருதுன்னாரு ஆன்ட்டி. நான்தான் கார்ல உக்கார வெச்சு ஹீட்டர் போட்டுட்டுப் போனேன்." வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க குடுத்த ஷீட்ல இது இருந்துச்சா?"

கராஜை மூடிக்கொண்டு காரை ஓட்டாதீர்கள், விஷப்புகை கொல்லும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. வசந்தாமணி அவன் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு. அதுல இல்ல."

அவன் அதை நம்பினான். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னான். கோடையில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஸ்ரீநிவாஸ் என்பவர் எழுந்தார்.

"உயிர் போற விஷயத்தையே சொல்லல. அப்புறம் என்னங்க ட்ரெயினிங்?"

செழியன் தலை குனிந்திருந்தான். வசந்தாமணி வாய் திறக்கவில்லை. அந்தத் தாளை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி உறைபனி எச்சரிக்கை வந்தது. வசந்தாமணி கிளம்பினார். முதல் வீட்டில் கதவைத் திறக்காமலே, "வேணாம் ஆன்ட்டி" என்றார்கள். இரண்டாவது வீட்டில் டிவி சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பெல்லை அழுத்தாமலே திரும்பி நடந்தார்.