சிமெண்டுத் தரையில் ஈரக் கோடுகள்

இந்த நிகழ்ச்சி எங்கள் உறவினரிடையே பலமுறை சொல்லப்பட்டு, சொல்லுந்தோறும் வளர்ந்துவிட்டது. வேப்பிலையால் குணமாயிற்று என்கிறார் ஒருவர்; குழந்தைக்கு ஒன்றுமே இருந்ததில்லை என்கிறார் இன்னொருவர். ஆகவே நான் கண்ணால் கண்டதையும், கேட்டுச் சரிபார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன். எனக்கும் என் மனைவிக்கும் நினைவு மாறுபடும் இடங்களில் இரண்டில் குறைவானதையே ஏற்றிருக்கிறேன். கூட்டிச் சொல்லும் தெம்பு இப்போது இல்லை என்பதும் ஒரு காரணம்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். நான் பள்ளித் தமிழாசிரியன். மனைவி அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சிறு ஆலையில், மின்சாதனப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தாள். மகளுக்கு இரண்டரை வயது. குக்கர் விசில் அடிக்கும்போது, குழல்விளக்கு சிமிட்டும்போது, புதுச்சட்டையின் கழுத்து உறுத்தும்போது அவள் முகம் சுருங்கும். இவற்றில் ஒன்று தனியே வந்தால் தாங்கிக்கொள்வாள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுவாள். இந்த வேறுபாட்டை அன்று நாங்கள் கவனிக்கவில்லை; பின்னர் யோசித்துக் கண்டது.

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவர், அடுத்த தெருவில் தம் வீட்டிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக் காத்த ஓர் அம்மையார். காலையில் ஜெபம் முடித்த பிறகே கதவைத் திறப்பார். ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, அவர் என் மனைவியை வாசலில் நிறுத்தினார்.

“இன்னாம்மா இது, காதப் பொத்திகினு கத்துது. மத்த கொயந்தைங்க தூங்க வேணாமா? வர்ற திங்கக்கெயம வரிக்கும் பாக்குறேன். அப்பால நீயே ஊட்ல வெச்சிக்க.”

மனைவியின் விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் வேலையை விடுவது என்று பொருள். அதை விட்டால் மறுபடி கிடைக்காது என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

குழந்தை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கரையான்சாவடிப் பக்கம் பயம் தெளிவிக்கும் ஒருவரிடம் தூக்கிச் சென்றோம். மூன்று முறை என்பது என் நினைவு. இரண்டு என்கிறாள் மனைவி. இரண்டு என்றே கொள்கிறேன். சன்னலில்லாத அறை, சாம்பிராணிப் புகை, குழந்தையின் தலைக்கு மேல் வேப்பிலை, காதருகே உடுக்கை. ஓசை தாங்காத குழந்தையை ஓசையால் குணப்படுத்த முயன்றோம். படித்தவனாகிய நான் அங்கே கைகட்டி நின்றேன். அவள் மூச்சடைக்க அலறியபோது, பயம் வெளியேறுகிறது என்று நம்பவும் செய்தேன்.

கெடு வைத்த அந்த வாரத்தின் நடுவில் அம்மையார் ஒன்றைத் தற்செயலாகக் கண்டார். மற்றப் பிள்ளைகள் உறங்குவதற்காக இவளைப் பின்கட்டில், துவைக்கும் கல்லருகே உட்கார வைத்திருக்கிறார். சிறிது நேரத்தில் அலறல் நின்றது. அலறலைவிட அந்த அமைதி அவரை அச்சுறுத்தியது. அங்கே நீர் நிறைந்த வாளி இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், குழந்தை வாளியில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாளாம். கோடு காய்ந்ததும் மீண்டும் நனைத்து இழுத்தாளாம். இதை அவரே எங்களிடம் சொன்னார். மறுநாள் முதல் வாளியை அகற்றி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்.

அவர் சொன்ன திங்கட்கிழமை வந்தது. தெருமுனையில் கூழ் வார்த்தார்கள். மின்கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி விடியலிலேயே தொடங்கிவிட்டது. நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, புதுச்சட்டை போட்டிருந்த குழந்தையுடன் அம்மையார் வீட்டில் இருந்தேன். பத்து மணியளவில் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். பின்கட்டுக்குத் தூக்கிச் சென்றோம். அம்மையார் கதவைச் சாத்தி, அடியிலிருந்த இடைவெளியில் பழஞ்சேலையைத் திணித்தார். கிண்ணம் வந்தது. வெகுநேரம் கழித்து அவள் விரலை நனைத்தாள். ஒரு கோடு இழுத்தாள்.

அப்போதுதான் நான் தவறு செய்தேன். விரலை நனைத்து, அவள் கோட்டினருகே அழகாக ‘அ’ எழுதி, “சொல்லு, அ” என்றேன். ஒரு குழந்தை தரையில் விரல் வைத்தால் அதை எழுத்தாக்கிவிட வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருந்தது. அவள் என் கையைத் தள்ளிவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து மீண்டும் அலறினாள்.

அம்மையார் கோபிக்கவில்லை. கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

“இங்க இன்னா இஸ்கூலா நடக்குது வாத்தியாரே? அது இன்னா பண்ணுதோ, நீயும் அதையே பண்ணு. வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்கவில்லை. அவள் கோடு இழுத்தால் நான் கோடு இழுத்தேன். உள்ளங்கையை ஒற்றினால் நானும் ஒற்றினேன். எனக்கு முதுகு வலித்தது. ஒலிபெருக்கி ஓயவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் அவள் ஈரத்தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். உறங்கவில்லை, அழவும் இல்லை.

மாலையில் மனைவி ஆலையிலிருந்து நேரே அங்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அம்மையார் அவளைப் பாராமல் ஒரு பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னார்: “நாளைக்கி வேற சட்ட போட்டு இட்டுனு வாம்மா. கயுத்து உறுத்துற சட்ட வேணாம்.”

மனைவி வேலையை விடவில்லை. அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பள்ளி விட்டு வந்ததும் நாள்தோறும் தரையில் அமர்ந்து கோடு இழுத்தேன். சில நாட்களில் பிசைந்த மாவு, சில நாட்களில் ஈரமணல். மகிழ்ச்சியோடு செய்தேன் என்று எழுதினால் பொய்யாகும். பல மாலைகளில் உட்கார்ந்தபடியே கண் செருகியது. அவள் என் விரலைப் பிடித்து நீரில் தோய்ப்பாள்.

அவளுக்கு இருந்தது இன்னது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவளைத் தணித்தது தண்ணீரா, தரையின் குளிர்ச்சியா, யாரும் பேசாமல் இருந்ததா, வெறுமனே வயது ஏறியதா என்பது தெரியாது. மகளுக்கு இவற்றில் எதுவும் நினைவில்லை.